ஒற்றை ஆள் அணி

1990 ஜனவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி தொடங்கியது. நவூரு என்ற நாடு முதல்முறையாக அதற்கு அணி அனுப்பியிருந்தது. அணி என்று பேர்தான். போனது ஒரே ஒருவர். மார்கஸ் ஸ்டீபன், வயது 20, பளுதூக்கும் வீரர், 60 கிலோ எடைப் பிரிவு. ஸ்னாட்ச் போட்டியில் அவர் தங்கம் வென்றார். பதக்கப் பட்டியலில் நவூரு என்ற பெயரைப் பார்த்துவிட்டு உலகப் படத்தை விரித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். படத்திலும் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட முடியாது.

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் ஒற்றைத் தீவு அது. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றிப் போகும் சாலையில் காரை எடுத்தால் அரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மக்கள்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம். அந்தத் தீவிலிருந்து கிளம்பிய ஒருவர் நான்கு காமன்வெல்த் போட்டிகளில் 12 பதக்கங்கள் வென்றார், அவற்றில் ஏழு தங்கம். மூன்று ஒலிம்பிக்கில் மேடையேறினார். பிறகு நாட்டின் அதிபரும் ஆனார்.

விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. ஸ்டீபன் கதையின் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமாக நாட்டில் சங்கம் இருக்கும், பயிற்சிக்கூடம் இருக்கும், ஒலிம்பிக் குழு இருக்கும். அவற்றுக்குள்ளிருந்து வீரர் வருவார். நவூருவில் வீரர் முதலில் வந்துவிட்டார். மற்றவை அவருக்குப் பின்னால் ஓடி வந்தன.

அவர் பிறந்தது 1969 அக்டோபர் 1. நவூரு விடுதலை பெற்று இருபது மாதங்கள்தான் ஆகியிருந்தன. தீவின் நடுமேட்டில் பாஸ்பேட் கொட்டிக் கிடந்தது. நிலத்துக்கு உரமாகும் அந்தக் கனிமத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வெளியார் வெட்டியெடுத்துக் கப்பலேற்றினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயல்கள் செழித்தன. இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பான், 1,200 நவூரு மக்களை ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கடும் வேலை வாங்கியது. உயிர் பிழைத்தவர்கள் 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பினார்கள். விடுதலை நாளாக 1968 ஜனவரி 31 தேர்ந்தெடுக்கப்பட்டது அந்த நினைவில்தான்.

விடுதலைக்குப் பிறகு சுரங்கம் நவூருக்காரர்கள் கைக்கு வந்தது. பணமும் வந்தது, தாங்க முடியாத அளவுக்கு. எழுபதுகளில் தலைக்கு வருமானம் என்று கணக்குப் பார்த்தால் உலகின் செல்வ நாடுகளில் நவூருவும் ஒன்று. வருமான வரி கிடையாது. மருத்துவம் இலவசம், படிப்பு இலவசம். சொந்த விமான நிறுவனம். மெல்போர்னில் நவூரு ஹவுஸ் என்று 52 மாடிக் கட்டடம். லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றை 1993இல் லண்டனில் மேடையேற்றக்கூட அந்தப் பணம் போனது. நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது. இப்படிப் போன பணத்தில் உருப்படியான செலவு என்றால், பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பியதைச் சொல்லலாம்.

அப்படி மெல்போர்னுக்குப் போனவர்களில் ஸ்டீபனும் ஒருவர். அப்பா லாரன்ஸ் ஸ்டீபன் எழுபதுகளில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். மகன் சேர்ந்தது மென்டோன் பகுதியின் செயின்ட் பீட்ஸ் கல்லூரி என்ற பள்ளியில். மற்றப் பையன்களைப் போல அவருக்கும் முதலில் ஆஸ்திரேலியக் கால்பந்தில்தான் பிடிப்பு. அவரைப் பளுதூக்கும் மேடைக்கு இழுத்தவர் பால் கோஃபா, ஹாதார்ன் பளுதூக்கும் சங்கத்தின் பயிற்சியாளர். பசிபிக் தீவுகளின் பளுதூக்கும் வரலாற்றை யார் எழுதினாலும் இந்த மனிதரைத் தவிர்க்க முடியாது. பின்னால் மறுபடியும் வருவார்.

பளுதூக்குதலைத் தொலைக்காட்சியில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். போட்டியில் இரண்டு பகுதிகள். ஸ்னாட்ச் என்பது தரையில் கிடக்கும் பார்பெல்லை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவது. கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் தோளுக்கு, அங்கிருந்து தலைக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் தூக்கியது கணக்கில் சேரும். இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் மொத்தம். ஒலிம்பிக்கில் இந்த மொத்தத்துக்கு மட்டுமே பதக்கம். காமன்வெல்த் போட்டியில் 1990 முதல் 2002 வரை ஸ்னாட்சுக்கு ஒன்று, ஜெர்க்குக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று பதக்கத்தோடு இறங்கலாம். ஸ்டீபனின் 12 பதக்கங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். 1990இல் இந்தியா வென்ற 13 தங்கங்களில் 12 பளுதூக்குதலில் வந்ததற்கும் இந்த முறை ஒரு காரணம்.

சின்ன நாடுகளுக்கு இந்த விளையாட்டு ஏன் பொருந்துகிறது என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும். அவர்களோடு மோத இன்னொரு பதினொரு பேர் வேண்டும். நீச்சலுக்குக் குளம், ஓட்டத்துக்குத் தடம். பளுதூக்க ஒரு கம்பி, சில தட்டுகள், மரமேடை போட்ட ஒரு கூடம் போதும். ஆளைப் பார்த்து மோத வேண்டிய கட்டாயமும் இல்லை. 140 கிலோ என்றால் மெல்போர்னிலும் 140 கிலோதான், நவூருவிலும் 140 கிலோதான். உலகத்தின் ஒரு மூலையில் தனியாகப் பயிற்சி செய்பவருக்கும் தன் இடம் எது என்று தெரிந்துவிடும். எடைப் பிரிவுகள் இருப்பதால் சின்ன உடம்புக்காரருக்கும் இடம் உண்டு. பசிபிக் தீவு வீரர் என்றதும் மலை போன்ற உடம்பு நினைவுக்கு வருகிறது அல்லவா? ஸ்டீபனின் எடை அறுபதைச் சுற்றியே இருந்தது.

ஆக்லாந்தில் தங்கம் வந்தாயிற்று. அடுத்தது ஒலிம்பிக். அங்கேதான் கதவு சாத்தியிருந்தது. ஒலிம்பிக்கில் ஆள் நேராகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. நாட்டின் தேசிய ஒலிம்பிக் குழு அனுப்ப வேண்டும், அந்தக் குழுவைச் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகரித்திருக்க வேண்டும். நவூருவிடம் காசு இருந்தது, விமானம் இருந்தது, தங்கம் வென்ற வீரரும் இருந்தார். அங்கீகாரம் பெற்ற ஒலிம்பிக் குழு மட்டும் இல்லை. பார்சிலோனா 1992க்குள் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஸ்டீபன் சமோவாவின் குடியுரிமையைப் பெற்று, மேற்கு சமோவா என்று அன்று அழைக்கப்பட்ட அந்த நாட்டின் வீரராகப் பார்சிலோனாவுக்குப் போனார். 60 கிலோ பிரிவில் ஒன்பதாம் இடம்.

அதே பிரிவில் அன்று தங்கம் வென்றவர் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு. 147 சென்டிமீட்டர் உயரம். மொத்தம் 320 கிலோ தூக்கினார். அவருக்கும் பிறந்த நாட்டுக் கொடி இல்லை. பல்கேரியாவில் துருக்கியச் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரைக்கூடப் பல்கேரியப் பெயராக மாற்றும்படி அரசு கட்டாயப்படுத்தியதால் 1986இல் மெல்போர்னில் நடந்த போட்டியின்போது தப்பித் துருக்கிக்குப் போனவர். புதுக் கொடியின் கீழ் உடனே விளையாட பல்கேரியாவின் சம்மதம் வேண்டியிருந்தது. அதற்குத் துருக்கி பத்து லட்சம் டாலர் அளவில் பணம் கட்டியது. ஒருவர் நாடு துரத்தியதால் கொடி மாறியவர். இன்னொருவர் நாட்டுக்கு ஒலிம்பிக் வாசல் திறக்காததால் கொடி இரவல் வாங்கியவர். இருவரையும் ஒரே நாளில் ஒரே மேடை பார்த்தது.

1994இல் நவூருவின் ஒலிம்பிக் குழுவுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு கனடாவின் விக்டோரியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஸ்டீபன் 59 கிலோ பிரிவின் மூன்று தங்கங்களையும் எடுத்துக்கொண்டார். 1996 அட்லாண்டாவில் நவூரு முதன்முதலாகத் தன் பெயரில் ஒலிம்பிக்குக்குப் போனது. போனவர்கள் மூவர்: ஸ்டீபன், ஜெரார்டு கரப்வான், குயின்சி டெட்டனாமோ. மூவரும் பளுதூக்குபவர்கள். பதக்கம் வரவில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஸ்டீபனுக்கு மறுபடியும் மூன்று தங்கம், இம்முறை 62 கிலோ பிரிவில்.

அவருடைய உச்சம் என்று கேட்டால் நான் காமன்வெல்த் தங்கங்களைச் சொல்ல மாட்டேன். சீனா, பல்கேரியா, துருக்கி, கிரீஸ் போன்ற பளுதூக்கும் வல்லரசுகள் காமன்வெல்த்தில் இல்லை. அவை எல்லாம் வந்த மேடை 1999 ஏதென்ஸ் உலகச் சாம்பியன் போட்டி. அங்கே 62 கிலோ பிரிவின் கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஸ்டீபன் வெள்ளி வென்றார். வயது முப்பது. அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதினோராம் இடம். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியோடு காமன்வெல்த் கணக்கும் முடிந்தது.

இதற்குள் தீவில் பளுதூக்குதல் வேர்பிடித்துவிட்டது. 1994இல் பால் கோஃபாவையே நவூரு அழைத்துவந்து வைத்துக்கொண்டது. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் திறமை தேடுவதில் ஒரு வசதி: எந்த வீட்டுப் பையன் வலுவானவன் என்பது எல்லோருக்கும் தெரியும். 2002இல் ரியானா சாலமன் காமன்வெல்த் தங்கம் வென்றார், நவூருப் பெண்களில் முதலாவது ஆள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் யூகியோ பீட்டர் 77 கிலோ பிரிவில் எட்டாவதாக வந்தார். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் தங்கம். இட்டே டெட்டனாமோ என்ற அதிக எடைப் பிரிவு வீரர் மூன்று ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

கோஃபா நவூருவோடு நிற்கவில்லை. ஓசியானியா பளுதூக்கும் பயிற்சி நிலையம் என்று ஒன்றை நடத்தினார். அது ஃபிஜி, சமோவா, நியூ கலிடோனியா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. தீவுகளிலிருந்து இளைஞர்கள் வந்து தங்கி, சேர்ந்து பயின்றார்கள். தனித் தீவுக்குக் கட்டுப்படியாகாத செலவைப் பல தீவுகள் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம் என்பது இதிலுள்ள புத்திசாலித்தனம். பலன் கண்ணுக்குத் தெரிந்தது. சமோவாவின் எலெ ஒபெலோகே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். முன்னால் நின்ற மூவரில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றவர்களின் பழைய மாதிரிகளை 2016இல் மறுபடியும் சோதித்தபோது ஊக்கமருந்து தெரியவந்தது. நான்காம் இடம் வெள்ளியானது. சமோவாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, எட்டு ஆண்டு தாமதமாக.

அங்கே பயின்ற இன்னொருவர் கிரிபாட்டியின் டேவிட் கட்டோவாட்டாவ். 2014 கிளாஸ்கோவில் 105 கிலோ பிரிவில் தங்கம் வென்று தன் நாட்டின் முதல் காமன்வெல்த் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தார். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றதும் அதே போட்டியில்தான். 2016 ரியோவில் கட்டோவாட்டாவுக்குப் பதினான்காம் இடமே கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை தூக்கிய பிறகும் மேடையில் ஆடினார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது, படம் பிடித்தது. ஏன் ஆடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது கடல் மட்டத்தைப் பற்றி. தன் தீவுகள் மூழ்குகின்றன; கேட்க ஆளில்லை; ஆடினால் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஸ்டீபனும் கடல் மட்டத்தைப் பற்றித்தான் பேசப் போனார், கோட்டும் டையும் அணிந்து. 2003இல் அவர் எவா, அனெட்டான் வட்டாரங்களின் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது பாஸ்பேட் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சேர்த்த பணம் மோசமான முதலீடுகளில் கரைந்தது. 2004இல் மெல்போர்ன் கட்டடமும் கடன்காரர்களிடம் போனது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு வெட்டப்பட்டு, ஆள் நடக்க முடியாத சுண்ணாம்புப் பாறை முட்களாக நின்றது, இன்றும் நிற்கிறது. மக்கள் கடலோரத்தின் மெல்லிய விளிம்பில் வாழ்கிறார்கள். நாட்டின் முக்கிய வருமானங்களில் ஒன்று, ஆஸ்திரேலியா தன் கரைக்கு வர விடாத அகதிகளை அடைத்துவைக்க இடம் கொடுப்பது.

நவூரு நாடாளுமன்றத்தில் அன்று 18 பேர். கட்சிக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு பேர் இடம் மாறினால் அரசாங்கம் மாறிவிடும். 2007 டிசம்பரில் அதிபர் லுட்விக் ஸ்காட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தார், ஸ்டீபன் அதிபரானார். சபையில் இழுபறி தொடரவே 2008 ஏப்ரலில் முன்கூட்டியே தேர்தல் வைத்தார். 18 இடங்களில் 12 அவர் பக்கம் வந்தன. 2010 ஏப்ரலில் மறுபடியும் தேர்தல். பழைய 18 பேரும் அப்படியே வென்றுவந்தார்கள், ஒன்பதுக்கு ஒன்பது. ஜூனில் இன்னொரு தேர்தல், அதிலும் முடிச்சு அவிழவில்லை. நவம்பர் முதல் தேதி சபாநாயகர் நாற்காலியில் உட்கார ஒருவர் சம்மதித்த பிறகே ஸ்டீபன் மீண்டும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சம்மதித்தவர் யார் தெரியுமா? 2007இல் பதவியிழந்த அதே லுட்விக் ஸ்காட்டி.

2011 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் பருவநிலை மாற்றத்தை விவாதித்தபோது பசிபிக் சிறு தீவு நாடுகளின் சார்பில் பேசியவர் ஸ்டீபன். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையும் எழுதினார். இருப்பதையெல்லாம் வெட்டி விற்றுத் தீர்த்த நாட்டின் கதி என்ன என்பதற்குத் தன் தீவையே உலகத்துக்குச் சாட்சியாக நிறுத்தினார். இன்னொரு நாட்டுத் தலைவர் அதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு உறைத்திருக்காது.

நான்கு மாதம் கழித்து அவர் பதவியில் இல்லை. பாஸ்பேட் வியாபாரம் தொடர்பான ஊழல் குற்றச்சாட்டை எதிரணி எழுப்ப, 2011 நவம்பர் 10 அன்று விலகினார். அடுத்து வந்த ஃபிரெடி பிட்சர் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுக்கும் சற்றுக் குறைந்த ஸ்டீபனின் ஆட்சி, நவூருக் கணக்கில் நீண்ட ஆட்சி என்றே சொல்ல வேண்டும். 2019இல் அவரே சபாநாயகரானார். ஒலிம்பிக் குழுவின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஒரு காலத்தில் தான் மேடையேற இல்லாமற்போன அதே குழு.

பளுதூக்குதலுக்கோ இந்த ஆண்டுகள் கெட்ட காலம். ஊக்கமருந்துப் புகார்கள் அடுக்கடுக்காக வந்தன. உலகக் கூட்டமைப்பின் மேல்மட்டத்திலேயே முறைகேடுகள் வெளிப்பட்டன. சர்வதேச ஒலிம்பிக் குழு எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, இடங்களைக் குறைப்பது. 2016 ரியோவில் 260 பளுதூக்கும் வீரர்களுக்கு இடம் இருந்தது. 2024 பாரிஸில் 120 பேருக்கு மட்டுமே. தண்டனை வேண்டியதுதான். ஆனால் மருந்து ஊசி போட்டுப் பதக்கம் குவித்த பெரிய நாடுகளுக்கு வேறு இருபது விளையாட்டுகள் இருக்கின்றன. இந்த ஒரு விளையாட்டை வைத்தே ஒலிம்பிக் வாசலைத் திறந்த தீவுகளுக்கு அடி வலுவாக விழுந்தது.

அட்லாண்டா முதல் டோக்கியோ வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் நவூருவின் சார்பில் ஒரு பளுதூக்குபவராவது இருந்தார். இன்றுவரை அந்த நாடு ஒலிம்பிக் பதக்கம் எதுவும் வென்றதில்லை. 2024இல் பாரிஸுக்கு நவூரு அனுப்பிய அணியிலும் ஒரே ஒருவர்தான்: வின்சார் ககியூவியா, 100 மீட்டர் ஓட்டக்காரர்.